பத்தொன்பது நாள் பச்சை விளக்கு

காக்கநாட்டில் உள்ள ஒரு கண்காணிப்பு மையத்தின் திரையில், மட்டாஞ்சேரி பசார் ரோட்டு மசாலாக் கிடங்கு ஒன்றின் கணக்கு எண்ணுக்கு நேரே 19 நாள்கள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த 19 நாள்களும் கிடங்கின் எச்சரிக்கைக் கருவியிலிருந்து ஒரு செய்தியும் வெளியே வரவில்லை. பச்சைக்குத் திரையில் எழுதியிருந்த பொருள் ‘இயல்பு நிலை’. உண்மையில் அதன் பொருள் ‘கடைசியாகக் கேட்டபோது இயல்பு நிலை’ என்பதுதான். இந்த இரண்டு தொடர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஒரு முதியவரின் உயிர் இரண்டு மணி நேரம் ஊசலாடியது.

அந்தக் கருவியைப் பொருத்தியவர் தென்காசிப் பக்கத்துக்காரர். வயது முப்பத்து நான்கு. கொச்சிக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. காக்கநாட்டில் வாடகை வீடு. 2004-இல் இன்ஃபோபார்க் வந்த பிறகு அப்பகுதியில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்து தொழிலைக் கற்றவர். ஆனால் அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பழைய கொச்சியில் இருந்தார்கள். வைற்றில, தேவரை, தோப்பும்படி என்று நகரத்தின் குறுக்கே பைக்கில் போனால் மழைக்காலத்தில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மட்டாஞ்சேரியின் கிடங்குகளோ கருவிகளை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. தடித்த சுவர்கள், ஓட்டுக்கூரை, காயலைப் பார்த்த பின்வாசல், சுக்கும் மிளகும் ஏலமும் கலந்து நிற்கும் காற்று, எல்லாவற்றின் மேலும் உப்பின் ஈரம். செம்புக் கம்பியின் முனை ஓராண்டில் பச்சை பூத்துவிடும்.

இத்தகைய கருவி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதவில் ஒரு காந்த உணரி, கூடத்தில் நடமாட்டத்தை அறியும் உணரி, சுவரில் எண்பலகை. இவற்றிலிருந்து வரும் கம்பிகள் ஓர் இரும்புப் பெட்டியில் சேரும். பெட்டி தன் செய்தியைத் தொலைவிலுள்ள மையத்துக்கு அனுப்பும். தரைவழித் தொலைபேசிக் காலத்தில் செய்தி பதினாறு இலக்கங்களாகப் போயிற்று. ‘காண்டாக்ட் ஐ.டி.’ என்று அம்மொழிக்குப் பெயர். முதல் நான்கு இலக்கம் வாடிக்கையாளரின் கணக்கு எண். நடுவே வரும் மூன்று இலக்கம் நிகழ்வு. 130 என்றால் களவு. 110 என்றால் தீ. 100 என்றால் மருத்துவ உதவி. 301 என்றால் மின்சாரம் போய்விட்டது. 602 என்றால் எதுவும் நடக்கவில்லை, உயிரோடுதான் இருக்கிறேன் என்பதைச் சொல்லும் காலமுறைச் சோதனைச் செய்தி. இலக்கங்கள் சரியாக வந்து சேர்ந்தால் மையம் ஓர் ஒலியை எழுப்பி ஏற்றுக்கொள்ளும். அந்த ஒலியைக் கேட்டபின்தான் பெட்டி தொலைபேசியை வைக்கும். இன்று அதே இலக்கங்கள் டி.சி.-09 என்னும் வடிவத்தில் பொதியப்பட்டு இணையத்தின் வழியே போகின்றன. ஒலிக்குப் பதிலாக ஒரு சிறு ஒப்புகைச் செய்தி திரும்பி வருகிறது.

அந்தப் பட்டியலில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் எண் 602. அதைக் கண்டு யாரும் ஓடி வருவதில்லை. ஆனால் மற்ற எண்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி சொல்லாமல் நின்றால்தான், அந்த நிற்றலே ஒரு செய்தியாகும். சொல்லும் வழக்கமே இல்லாத கருவியின் மௌனத்துக்குப் பொருள் ஏதும் இல்லை. ஐரோப்பாவின் இ.என். 50136 தரநிலை இதைக் காலத்தால் வகுத்திருக்கிறது. ஒற்றைப் பாதை கொண்ட அமைப்புகளின் கீழ்வகுப்பில், பாதை அறுந்ததை மையம் அறிய 32 நாள்கள் வரை ஆகலாம். அடுத்த வகுப்புகளில் அது 25 மணி, 30 நிமிடம், 3 நிமிடம், 90 வினாடி என்று சுருங்கி, உச்ச வகுப்பில் 20 வினாடியாகிறது. பெட்டி ஒன்றுதான், உணரிகள் ஒன்றுதான். மௌனத்தை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வது என்ற ஓர் எண் மட்டும் மாறுகிறது.

அந்த எண்ணைத்தான் அவர் மே மாதத் தொடக்கத்தில் மாற்றினார்.

இடவப்பாதிக்கு முந்தைய இடிமழைக் காலம் அது. கிடங்கின் ரவுட்டர் அடிக்கடி விழுந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும் ‘தொடர்புக் கோளாறு’ என்ற செய்தி உரிமையாளரான சேட்டின் கைப்பேசிக்குப் போயிற்று. ஒரே இரவில் பதினொரு செய்திகள். காலையில் சேட் அழைத்தார். திருடன் வந்தால் எழுப்பட்டும், இடி இடித்தால் எதற்கு எழுப்புகிறது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அவர் காக்கநாட்டிலிருந்து புறப்பட்டு வந்தார். காலமுறைச் சோதனையை நாளுக்கு ஒன்று என்பதிலிருந்து 30 நாளுக்கு ஒன்று என்று மாற்றினார். மையத்தில் இருந்த பெண்ணிடம் தொலைபேசியில் சொல்லி, அந்தக் கணக்குக்கு மட்டும் துடிப்புச் செய்தியைக் கவனிப்பதை நிறுத்தச் சொன்னார். எண்பலகையின் கோளாறு ஒலியையும் அணைத்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. சேட் தேநீர் வரவழைத்தார். புறப்படும்போது ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தார்.

மே மாத நடுவில் ஒரு மின்னலில் ரவுட்டர் கருகியது. மாற்றுப் பாதையாகப் பெட்டிக்குள் இருந்த சிம்முக்கு அதற்குச் சில நாள்கள் முன்பே ரீசார்ஜ் காலம் முடிந்திருந்தது. அது கடையில் வாங்கிய சாதாரண சிம். நினைவூட்டும் குறுஞ்செய்திகள் இரும்புப் பெட்டிக்குள்ளேயே வந்து, அங்கேயே கிடந்தன. இரண்டு பாதைகளும் அடைபட்டன. எண்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. காக்கநாட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

கிடங்கின் இரவுக் காவலாளி கோவில்பட்டிப் பக்கத்தவர். வயது அறுபத்தேழு. மனைவியோடு சுள்ளிக்கல்லில் ஓர் அறையில் குடியிருந்தார். ஜூன் தொடக்கத்தில், நல்ல மழை இரவில், பின்வாசலைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. கைப்பேசி வாசலறையில் இருந்தது. எண்பலகை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதில் மருத்துவ உதவிக்கான பொத்தான் எது என்பது அவருக்குத் தெரியும். பொருத்திய அன்று தென்காசித் தம்பிதான் காட்டிக்கொடுத்திருந்தார். இரண்டு முறை அழுத்தினார். பிறகு சாக்குமூட்டையில் சாய்ந்து, ஆள் வருவதற்காகக் காத்திருந்தார்.

யாரும் வரவில்லை. அவருக்கும் மனைவிக்கும் இடையே பல ஆண்டு வழக்கம் ஒன்று இருந்தது. பதினொரு மணிச் சுற்று முடிந்ததும் ஒரு மிஸ்டு கால். இரண்டு மணிச் சுற்று முடிந்ததும் ஒன்று. நான்கு மணிக்கு ஒன்று. அந்த அம்மாள் எடுக்கமாட்டார். ஒருமுறை அடித்து அடங்குவதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அன்று இரண்டு மணி அழைப்பு வரவில்லை. இரண்டரைக்கு அவரே அழைத்துப் பார்த்தார். பதில் இல்லை. பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டும் பையனை எழுப்பினார். உட்புறம் தாழிட்ட வாசலைத் திறப்பதற்கு மேலாளரை அழைத்து, சாவி வந்து சேர்வதற்குள் மூன்றே முக்கால் ஆகிவிட்டது. முதியவர் பிழைத்தார்.

மறுநாள் அவர் பெட்டியைத் திறந்து நிகழ்வுப் பதிவைப் படித்தார். இத்தகைய பெட்டிகள் தாம் அனுப்ப முடியாதவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளும். 01:42, எண் 100. 01:43, எண் 100. அதன் கீழே 354, அதாவது ‘செய்தி போய்ச் சேரவில்லை’. மேலே தள்ளத் தள்ள 350, 350, 350 என்று தொடர்புக் கோளாறு 19 நாள்களுக்கு வரிசையாக நின்றது. கருவி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. கேட்பதற்குத்தான் யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

காவலின் வரலாறு முழுவதும் இதே சிக்கலின் வரலாறுதான். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரை வருகிறது. நூலேணியோடு திரியும் கள்வர் இருக்கிறார்கள், மழை கொட்டும் நடுநிசியிலும் அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரும் இருக்கிறார்கள். அந்தக் காவலர் விழித்திருப்பதை உறங்கும் ஊர் எப்படி அறியும்? பிற்காலத் தமிழ்த் தெருக்கள் அதற்கு ஒரு விடை வைத்திருந்தன. கூர்க்கா ஊதும் விசில், தரையில் தட்டும் தடி. அது திருடனுக்கு விடுக்கும் எச்சரிக்கை என்று சொல்வார்கள். அரைத்தூக்கத்தில் கேட்பவருக்கு அது 602. இங்கிலாந்தின் டெர்பி நகரில் 18-ஆம் நூற்றாண்டில் கடிகாரம் செய்த ஜான் வைட்ஹர்ஸ்ட் இதையே எந்திரமாக்கினார். காவலாளி குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு வந்து ஒரு முளையை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். ஆனால் காலையில், முதலாளி வந்து பார்த்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். மட்டாஞ்சேரிப் பெட்டியின் நிகழ்வுப் பதிவும் அந்தக் கடிகாரத்தைத் தாண்டி வரவில்லை.

மின்சாரம் வந்தபோதும் கேள்வி மாறவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அகஸ்டஸ் போப் 1853-இல் காப்புரிமை பெற்ற கருவியில், கதவு திறந்தால் மின்சுற்று மூடிக்கொண்டு மணி அடிக்கும். அத்தகைய அமைப்பில் கம்பியை வெட்டிவிட்டால் மணி ஒருபோதும் அடிக்காது. வெட்டப்பட்ட கம்பியும் அமைதியான இரவும் அதற்கு ஒன்றே. பின்னர் பரவிய மூடிய சுற்று முறை இதைத் தலைகீழாக்கியது. மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் அதுவே எச்சரிக்கை. இன்றைய துடிப்புச் செய்தி அந்த ஓட்டத்தின் வாரிசு. மே மாதத்தில் தான் செய்த ஐந்து நிமிட வேலை, நூற்றைம்பது ஆண்டு வளர்ச்சியை அழித்து அந்தப் பெட்டியைப் போப்பின் கருவியாக்கிவிட்டது என்பதை அவர் மெல்ல உணர்ந்தார்.

அடுத்த இரண்டு நாள்கள் அவர் கிடங்கிலேயே இருந்தார். முதலில் மின்சாரம். பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் இருந்தது. மின்வெட்டில் அது பல மணி நேரம் தாங்கும். ஆனால் ரவுட்டர் சுவர்ச் செருகியில் இருந்தது. மின்சாரம் போனால் பெட்டி விழித்திருக்கும், அதன் வாய் அடைத்துப்போகும். ரவுட்டருக்கும் தனி மின்கலம் வைத்தார். அடுத்து முகவரி. ரவுட்டர் மாறியபோதெல்லாம் பெட்டியின் உள் முகவரியும் மாறாதிருக்க அதை நிலையாகக் குறித்தார். மையத்தின் ஏற்பிக்கு ஒரே முகவரி எழுதியிருந்த இடத்தில், வேறொரு இணைய நிறுவனத்தின் வழியே செல்லும் இரண்டாம் முகவரியையும் எழுதினார்.

சிம்மை மாற்றி, கருவிகளுக்கென்றே வழங்கப்படும் பதின்மூன்று இலக்க எண் கொண்ட ஒன்றை நிறுவனக் கணக்கில் வாங்கிப் போட்டார். அதன் ஏ.பி.என். பெயரை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். அந்த வழியில் ஒரு நுட்பம் உண்டு. கைப்பேசி நிறுவனங்கள் பல இணைப்புகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவைக்கின்றன. ஆகவே மையம் நினைத்தாலும் பெட்டியை அழைக்க முடியாது. பெட்டிதான் மையத்தை அழைக்க வேண்டும். அப்படி அழைத்துத் திறந்த வழியும் சில நிமிடம் பேச்சில்லாவிட்டால் மூடிக்கொள்ளும். துடிப்புச் செய்தி உயிரை அறிவிப்பதோடு வழியையும் திறந்து வைக்கிறது. வழிகளுக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 22-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தன் 3ஜி வலையமைப்பை நிறுத்தியபோது, அதுவரை மாற்றப்படாத எச்சரிக்கைப் பெட்டிகள் எந்தப் பழுதும் இல்லாமலே ஊமையாயின.

பிறகு மறையாக்கச் சாவி. அதை இட்டதும் மையம் எல்லாச் செய்திகளையும் மறுத்தது. அரை நாள் தேடியபின் காரணம் கடிகாரத்தில் இருந்தது. டி.சி.-09 செய்தியின் நேரமுத்திரை கிரீன்விச் நேரத்தில் இருக்க வேண்டும். மறையாக்கிய செய்தியின் முத்திரை மையத்தின் நேரத்துக்கு 20 வினாடி முந்தியோ 40 வினாடி பிந்தியோ இருந்தால் மட்டுமே ஏற்கப்படும். பழைய செய்தியைப் பதிவுசெய்து திரும்ப ஓட்டி மையத்தை ஏமாற்றுவதைத் தடுக்க அந்த வரம்பு. பெட்டியில் இந்திய நேரத்தை வைத்துவிட்டு, நேர வலயத்தைச் சுழியத்தில் விட்டிருந்தார். அதன் ஒவ்வொரு செய்தியும் ஐந்தரை மணி நேர எதிர்காலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

துடிப்பை 60 வினாடிக்கு ஒன்று என்றும், மூன்று நிமிடம் கேட்காவிட்டால் கோளாறு என்றும் வைத்தார். தரவுச் செலவு ஏறுமே என்று சேட் கவலைப்பட்டார். அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நாளுக்கு 1,440 துடிப்புகள். மாதத்துக்கு 43,200. ஒன்றுக்கும் அதன் ஒப்புகைக்கும் சேர்த்து 200 பைட் என்று கொண்டால் ஒன்பது மெகாபைட்டுக்கும் குறைவு. சேட் ஒவ்வொரு காலையும் உறவினர்களுக்கு அனுப்பும் பூப்போட்ட வணக்கப் படங்கள் ஒரு வாரத்தில் அதைத் தாண்டிவிடும். சேட் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல், அந்தப் பதினொரு செய்திகளைப் பற்றிக் கேட்டார். அவற்றுக்கும் விடை இருந்தது. தொடர்புக் கோளாறு முதலில் மையத்துக்கும் தனக்கும் மட்டும் வரும், 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால்தான் உரிமையாளருக்குப் போகும் என்று அமைத்தார். செய்தியை நிறுத்துவதற்கும் அது போய்ச்சேர வேண்டிய ஆளை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை மே மாதத்திலேயே அவர் யோசித்திருக்கலாம். அந்தப் பதினொரு செய்திகளும் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. ரவுட்டர் அப்போதே பழுதாகிக்கொண்டிருந்தது.

கடைசியாகச் சோதனை. கதவைத் திறந்து மணி அடிக்கிறதா என்று எல்லாரும் சோதிப்பார்கள். அவர் இம்முறை இணையக் கம்பியையும் சிம்மின் ஆன்டெனாவையும் கழற்றிவிட்டு, எதுவும் பேசாமல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். மூன்று நிமிடமும் சில வினாடிகளும் கழித்துக் காக்கநாட்டிலிருந்து அவருடைய கைப்பேசி ஒலித்தது. கருவி வேலை செய்கிறதா என்று சோதிப்பது எளிது. அது செத்தால் யாருக்காவது தெரிகிறதா என்பதையும் சோதித்தால்தான் வேலை முடிகிறது. கேரளக் காவல்துறை கெல்ட்ரானின் துணையோடு திருவனந்தபுரத்திலிருந்து நடத்தும் ஊடுருவல் கண்காணிப்பு அமைப்பானாலும், ஒரு தெருமுனைக் கடையின் சிறு பெட்டியானாலும், வைத்திருப்பவர் மையத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஆண்டுக்கு ஓரிரு முறை இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கம்பியைக் கழற்றிவிட்டு, அழைப்பு வர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணினால் போதும். அழைப்பே வராவிட்டால் அந்தப் பெட்டி சுவருக்கு ஓர் அலங்காரம்.

அந்த மாதத்திலேயே அவர் தன் மற்ற கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். வாடிக்கையாளர் சொல்லியும் தானாகவும் சோதனை இடைவெளியை 30 நாளாக்கியவை வேறு ஆறு இருந்தன.

காவலாளி வீடு திரும்பிய பிறகு அவர் சுள்ளிக்கல்லுக்குப் போனார். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, அதை அணைச்சு வச்சது நான்தான். சேட் சொன்னாருன்னு செஞ்சேன். செஞ்சிருக்கக் கூடாது.”

முதியவர் சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மஞ்ச விளக்கு எரியுதுன்னு மேனேஜர்ட்ட நானும் ரெண்டு தடவ சொன்னேன், தம்பி. சத்தம் இல்லேல்ல, விடுன்னாரு. நானும் விட்டுட்டேன்.” பிறகு சொன்னார்: “எனக்கு அதுகூடப் பெருசில்ல. பட்டன அமுக்கிட்டோமே, ஆள் வந்துரும்னு இருந்துட்டேன் பாருங்க. இல்லேன்னா தவழ்ந்தாவது போயி போன எடுத்திருப்பேன்.”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஓடாத கருவி ஓரிடத்தில் வெறும் இன்மை. ஓடுவதாக நம்பவைத்த கருவியோ, ஒரு மனிதன் தனக்காகச் செய்துகொண்டிருக்கக்கூடிய கடைசி முயற்சியையும் வாங்கிக்கொள்கிறது.

அந்த அம்மாள் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு நின்றார்.

“இப்ப அந்தப் பெட்டிக்கு எவ்வளவு நேரம் வச்சிருக்கீங்க, தம்பி?”

“மூணு நிமிசம், மதினி.”

அவர் தலையசைத்தார். “நான் அரமணி நேரம் பாத்தேன். மழையில்ல, சுத்தி வர லேட்டாகும்னு படுத்தே கெடந்தேன். அது ஜாஸ்திதான்.”